பூட்டுக் கண்ணாடியும் திருகுக் கண்ணாடியும்

துவக்கும் தோட்டாவுமாகத் திரிகிற குருவிடம் என்ன ஞானம் கிடைத்துவிடப் போகிறது என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இப்போதே மூடிவைத்துவிடலாம். எனக்கு மனவருத்தம் இல்லை. இந்தக் குருவுக்குத் தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. பெயர் தர்மினி. நோர்வேயின் வடக்கே, மீன் வாசம் மாறாத ஒரு கரையோர ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சின்ன வயதில் தாய் தகப்பனோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பனியிலேயே வளர்ந்து, இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். இலையுதிர் காலம் வந்தால் அந்த ஊர் வேட்டைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. அவள் சொல்லாமல் ஒரு தோட்டாவும் வெடிக்காது.

சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. பெயர் சபாபதி. மீன் ஆலையில் முள் எடுத்து முள் எடுத்தே விரல் வளைந்துபோனவர். குரு சீடரை 'மாமா' என்பாள். சீடர் குருவை 'பிள்ளை' என்பார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று வெளியாள் குழம்பினால் அந்த ஆளில் பிழை இல்லை.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த மனுஷன் சபாபதி. வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடமாட்டார். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற கையோடு வேட்டைப் பரீட்சை எழுதி, துவக்கு அனுமதியும் எடுத்தார் என்றால் ஊர்த் தமிழர் சும்மா இருப்பார்களா? கோயிலடியில் அவரைக் கண்டால் கையை நீட்டி "டுமீல்" என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டு போனார். காரணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை.

காரணத்தின் பெயர் நிரூபன். அவருடைய ஒரே மகன். அந்த வேட்டைக் குழுவில் ஓர் ஆள். தகப்பனோடு பேச்சை நிறுத்தி ஆறு வருஷம். ஒரே ஊருக்குள் இருந்தும், தகப்பன் கடைக்குள் நுழைந்தால் மகன் மற்றக் கதவால் வெளியே போய்விடுவான்.

வேனில் காலத்தில் ஒருநாள் தர்மினி அவனிடம் கேட்டாள், உன் அப்பாவைக் குழுவில் சேர்க்கட்டுமா என்று. அவன் சொன்ன பதிலை எடுத்துக்கொண்டு சுடுபயிற்சிக் கொட்டிலுக்கு வந்தாள். சபாபதி வாசலிலேயே நின்றார்.

"என்னவாம், பிள்ளை?"

"வரட்டாம்."

அவருக்கு முகம் மலர்ந்தது. அது மலர்ந்து முடிய முன்பே அவள் மிச்சத்தையும் சொன்னாள்.

"சதுப்புக்கு மற்றப் பக்கம் நிக்கட்டாம். தன்னோடை கதைக்க வேண்டாமாம். தனக்குக் கிட்ட வர வேண்டாமாம்."

சபாபதி தலையாட்டினார். வேட்டைக்குப் போகிற காட்டின் நடுவே ஒரு பெரிய சதுப்பு இருக்கிறது. மரமில்லாத வெட்டவெளி. அதன் இரண்டு கரையிலும் ஆட்கள் காவல் நிற்பார்கள். ஒரு கரையிலிருந்து பார்த்தால் மற்றக் கரையில் நிற்பவர் ஒரு செம்மஞ்சள் தொப்பியாக மட்டும் தெரிவார்.

"சதுப்பு எவ்வளவு அகலம், பிள்ளை?"

"இருநூற்றைம்பது மீற்றர் வரும்."

"அப்ப சொல்லு, என்ரை துவக்குக்கு எந்தக் கண்ணாடி நல்லது? பூட்டினதோ, திருகினதோ?"

அவர் பேச்சை மாற்றுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் மாற்றவே இல்லை.

துவக்கின் மேல் பூட்டுகிற தொலைநோக்கிக் குழாயைத்தான் அவர் கண்ணாடி என்றார். அதற்குள் ஒரு குறுக்குக்கோடு இருக்கும். குறியின் மேல் அந்தக் கோட்டை வைத்துச் சுட வேண்டும். அதில் ஒரு சங்கடம் உண்டு. குறி நிற்கிற தூரத்துக்குக் கண்ணாடி பொருந்தாவிட்டால், கண்ணை ஒரு நெல்லளவு அசைத்தாலும் கோடு குறியை விட்டு நழுவுவதுபோலத் தெரியும். இதற்குப் பாரலக்ஸ் என்று பெயர். சில கண்ணாடிகளைத் தொழிற்சாலையிலேயே நூறு மீற்றருக்கு என்று பூட்டி அனுப்பிவிடுவார்கள். சிலதில் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். கிட்டவோ எட்டவோ, தூரத்துக்குத் தக்கபடி திருகிக்கொள்ளலாம்.

தர்மினி தோட்டா இல்லாத தன் துவக்கை எடுத்து மேசையிலிருந்த இடுக்கியில் அசையாமல் இறுக்கினாள். எதிரே ஒடுங்கிய கடற்கழியின் மறுகரையில் ஒரு படகுக்கொட்டில். அதன் சிவப்புக் கதவின் பிடியில் கோட்டை வைத்தாள்.

"பாருங்கோ மாமா. துவக்கைத் தொடாதேங்கோ. தலையை மட்டும் மெல்ல ஆட்டுங்கோ."

அவர் பார்த்தார். தலையை இடப்பக்கம் அசைத்தார். கோடு பிடியை விட்டுக் கதவின் விளிம்புக்குப் போனது. வலப்பக்கம் அசைத்தார். சுவருக்கு வந்தது.

"கோடு அலையுது, பிள்ளை."

"துவக்கு ஆடினதோ?"

"இல்லை. இறுக்கியெல்லோ இருக்கு."

"கதவு ஆடினதோ?"

"கதவு எப்பிடி ஆடும்?"

"அப்ப ஆர் ஆடினது?"

சபாபதி கண்ணை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இது பூட்டினது" என்றாள். "இதைத்தான் நான் இத்தனை வருஷமா வைச்சிருக்கிறன்."

"அலையுதே. பிறகு எப்பிடிச் சுடுறாய்?"

"ஒவ்வொரு முறையும் கன்னத்தை ஒரே இடத்திலை வைப்பன். கண் நடுவிலை நிண்டா கோடும் நடுவிலை நிக்கும்."

"திருகினதெண்டா?"

"தூரத்துக்கு வடிவாத் திருகினா, கண் கொஞ்சம் விலகினாலும் கண்ணாடி பொறுக்கும்."

"அப்ப எனக்குத் திருகினதுதான் வேணும். எனக்குக் கன்னமும் நடுங்குது, கண்ணும் நடுங்குது."

"மாமா, எங்கடை குழுவிலை நூறு மீற்றருக்கு அங்காலை ஒருத்தரும் சுடுறேல்லை. காயப்பட்ட மிருகம் காட்டுக்குள்ளை போய்ச் சாகக் கூடாது. அது எங்கடை சட்டம். நூறுக்குப் பூட்டினது போதும் உங்களுக்கு."

"எட்டத்திலை இருக்கிறது திருகினதிலை இன்னும் துலக்கமாத் தெரியுமோ?"

"தெரியும்."

"இருநூற்றைம்பதிலை?"

தர்மினி இடுக்கியைத் தளர்த்திக்கொண்டே கேட்டாள்.

"இருநூற்றைம்பதிலை உங்களுக்கு என்ன இருக்கு, மாமா?"

சபாபதி அடுத்த கிழமை திருகு வைத்த கண்ணாடி ஒன்றோடு வந்து நின்றார். உருவத்தை நன்றாகப் பெருப்பித்துக் காட்டுகிற பெரிய கண்ணாடி. நத்தைக்குக் கொம்பு வைத்ததுபோல அது துவக்கின் மேல் துருத்திக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் பூட்டிக் கொடுத்தாள்.

அந்தக் கோடை முழுக்கப் பயிற்சி. நூறு மீற்றரில் எல்க் மானின் உருவம் வரைந்த பலகை. எல்க் என்றால் நம்முடைய புள்ளிமான் இல்லை, குதிரை உயரத்தில் நிற்கிற பெரிய மிருகம். அதன் முன்னங்காலுக்கு மேலே, நெஞ்சில் குண்டுகள் போய்ச் சேர வேண்டும். சபாபதியின் குண்டுகள் வயிற்றுக்கும் போயின, வாலுக்கும் போயின. சிலது எங்கே போயின என்று அந்தக் குண்டுகளுக்கே தெரியாது.

"கண்ணாடியிலை பிழை" என்றார் சபாபதி.

"எப்பிடித் திருகினீங்கள்?"

"மானின்ரை படம் பளிச்செண்டு தெரியும்வரை."

"படம் தெளிஞ்சா மட்டும் போதாது, மாமா. தலையை ஆட்டிப் பாருங்கோ. கோடு நிக்குதோ எண்டு பாருங்கோ. கோடு நிக்கிற இடத்திலைதான் திருகு நிக்க வேணும்."

"படம் தெளிவாத்தானே இருக்கு. பிறகென்ன?"

"தெளிவாத் தெரியும். பிழையாவும் இருக்கும்."

அவர் திருகினார். தலையை ஆட்டினார். கோடு அலைந்தது. இன்னும் கொஞ்சம் திருகினார். படம் ஒரு துளி மங்கியது, கோடு நின்றது. சுட்டார். நெஞ்சில் பட்டது.

"பாத்தியே!" என்று சின்னப் பிள்ளைபோலத் துள்ளினார். தர்மினியும் சிரித்தாள். அவள் சிரித்தது அபூர்வம். அதனால்தானோ என்னவோ, அன்றைக்கு அவர் தன்பாட்டிலேயே வாய் திறந்தார்.

"கனகேஸ் செத்த கதை உனக்குத் தெரியும்தானே?"

கனகேஸ் அவருடைய மனைவி.

"கொஞ்சம் தெரியும்" என்றாள் தர்மினி.

"தகனத்துக்கு நிரூ வந்தவன். பிறகு கப்பலுக்குப் போயிட்டான். மீன்பிடிக் கப்பலிலையெல்லோ வேலை. போகேக்கை சொன்னவன், அம்மாவின்ரை சாம்பலை வைச்சிருங்கோ அப்பா, நான் வந்து ரண்டு பேருமா ஊருக்குப் போய்க் கீரிமலைக் கடலிலை கரைப்பம் எண்டு."

அவள் தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை, அண்டைக்குச் சாம்பல் கரைக்க வேணும். அந்த நாள் தவறினா ஆத்மா அலையும் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நான் அவன் வரமுந்தித் தனியக் கொண்டுபோய்க் கரைச்சிட்டன்."

"நிரூ எவ்வளவு நாள் கேட்டவன்?"

"ரண்டு கிழமை பொறுக்கச் சொன்னவன்."

"பொறுத்திருக்கலாமோ?"

"இஞ்சை சாம்பலை மாதக்கணக்கிலும் வைச்சிருக்கலாம். ஒருத்தரும் கேக்கமாட்டினம்." அவர் கண்ணைப் பலகைக்குத் திருப்பினார். "நாளைத் தவறவிடக் கூடாதெண்டுதான் பாத்தன், பிள்ளை. அவனைத் தவறவிட்டிட்டன்."

தர்மினி ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாதவளும் இல்லை. தோட்டாவை அவர் கையில் வைத்தாள்.

"சுடுங்கோ."

அந்தக் குண்டு பலகையிலேயே படவில்லை.

இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கியதும் வேட்டை தொடங்கியது. அதிகாலைப் பனி புல்லில் வெள்ளையாகப் படிந்திருந்தது. புறப்படுகிற இடத்தில் நெருப்பு மூட்டி எல்லாரும் சுற்றி நின்றார்கள். நிரூபன் தன் வாகனத்தின் மறுபக்கம் நின்றான். சபாபதிக்கு வாகனத்தின் அடியால் அவன் காலில் இருந்த சப்பாத்து மட்டும் தெரிந்தது. அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு கோப்பி குடித்தார்.

தர்மினி எல்லாருக்கும் சட்டம் சொன்னாள். வருஷா வருஷம் சொல்கிறதுதான். நிற்கிற இடத்தை விட்டு அசையக் கூடாது. நூறு மீற்றருக்கு அப்பால் சுடக் கூடாது. கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பெரியதை மெதுவாகச் சொன்னாள். துவக்கின் வாய் எந்தக் காரணத்துக்காகவும் ஓர் ஆளைப் பார்க்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் துவக்கு வைத்திருப்பவருக்கு அன்றோடு வேட்டை முடிந்தது.

சபாபதியும் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டினார்.

அவளே அவரைச் சதுப்பின் கரைக்குக் கூட்டிப்போய், விழுந்து கிடந்த ஒரு பைன் மரத்துக்குப் பின்னால் இருத்தினாள். கழுத்தில் ஒரு பைனாகுலரை மாட்டிவிட்டாள். தூரத்து ஆட்களோடு பேசுகிற வோக்கியைக் கையில் கொடுத்தாள்.

"இதாலை பாருங்கோ. மிருகம் கிட்ட வந்தா மட்டும் துவக்கை எடுங்கோ."

"ஓம், பிள்ளை."

அவள் போனதும், மிருகம் வெருளக் கூடாதென்று சபாபதி வோக்கியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டார். தூரத்தில் நாய் ஒன்று இரண்டு தடவை குரைத்துவிட்டு ஓய்ந்தது. பிறகு சத்தமே இல்லை. சதுப்பு முழுக்கப் பழுப்புப் புல். அதற்கு அப்பால், ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்தில், செம்மஞ்சள் தொப்பி ஒன்று.

அவர் பைனாகுலரை எடுத்தார். கை நடுங்கியது. தொப்பி மேலும் கீழும் துள்ளியது. முகம் ஓரிடத்தில் நிற்கவில்லை. முழங்கையை மரத்தில் ஊன்றிப் பார்த்தார், அப்போதும் துள்ளியது. அதற்குள் அந்தத் தொப்பி இந்தப் பக்கம் திரும்ப, சபாபதி திருட்டுப் பூனைபோலச் சட்டென்று பைனாகுலரை இறக்கிவிட்டார். பார்க்கிறேன் என்று தெரிந்தால் எழும்பிப் போய்விடுவானே! இருக்கிற இந்த இருநூற்றைம்பது மீற்றரும் இல்லாமல் போய்விடுமே!

துவக்கு மரத்தில் சாய்ந்திருந்தது. அதன் மேலே பெரிய கண்ணாடி.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. அதை நான் இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஆறு வருஷம் பசி கிடந்தவர். அவ்வளவுதான். துவக்கை எடுத்து விழுந்த மரத்தின் மேல் கிடத்தினார். மரத்தில் கிடந்தால் துவக்கு நடுங்காது. துவக்கோடு குனிந்திருந்தால் வேட்டைக்காரன் மிருகம் பார்க்கிறான் என்று நினைப்பார்கள், மகனைப் பார்க்கிறான் என்று யார் நினைக்கப்போகிறார்கள்? கண்ணை வைத்தார். திருகைத் திருகினார்.

மங்கலுக்குள்ளிருந்து நிரூபன் வந்தான்.

தாடி வைத்திருந்தான். தாடியில் நரை. 'என்ரை பிள்ளைக்கு நரைச்சிட்டுது' என்று சபாபதியின் வாய் முணுமுணுத்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு விழுந்திருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு அவை இல்லை. இடது புருவத்தில் சைக்கிளால் விழுந்த தழும்பு அப்படியே இருந்தது. அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவர்தான்.

அவன் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றினான். குடிக்கவில்லை. மூடியை முதலில் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தான்.

கனகேஸ் அப்படித்தான் செய்வாள். கோப்பையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள், அவருக்கும், பிள்ளைக்கும். அதைப் பார்த்து ஆறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இனி ஒருநாளும் பார்க்கக் கிடைக்காது என்றிருந்தார்.

பிறகு நிரூபன் வோக்கியை எடுத்து ஏதோ பேசினான். அதைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாறையில் சாய்ந்து, முகத்தை நேரே இந்தப் பக்கம் வைத்து அப்படியே இருந்தான். அசையவில்லை. 'வேர்க்குது போலை பிள்ளைக்கு' என்று நினைத்தார் சபாபதி. நல்ல வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. இவ்வளவு நேரம், இவ்வளவு கிட்ட, இவ்வளவு நேராக மகனின் முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று அவருக்கு ஞாபகமே வரவில்லை.

கண்ணாடி மங்கியது. திருகினார். இன்னும் மங்கியது. மற்றப் பக்கம் திருகினார். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு துவக்கின் கட்டையில் விழுந்த பிறகுதான் அது திருகால் தெளியக்கூடிய மங்கல் இல்லை என்று விளங்கியது.

அப்போது ஒரேயடியாக இருண்டது.

நிமிர்ந்து பார்த்தார். தர்மினி பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். அவளுடைய உள்ளங்கை கண்ணாடியின் முன்வாயைப் பொத்தியிருந்தது. ஓடி வந்த களை அவள் மூச்சில் தெரிந்தது. முகம் வெளிறியிருந்தது.

அவள் மற்றக் கையால் துவக்கின் வாயை மெல்ல நிலத்துக்குத் திருப்பினாள். தோட்டா அறையின் பூட்டை இழுத்தாள். தோட்டா ஒன்று துள்ளி வந்து பாசியில் விழுந்தது. பித்தளைத் தோட்டா. காலை வெயிலில் மினுங்கியது.

சபாபதி அதைப் பார்த்தார்.

"உள்ளை இருந்ததோ?" என்றார்.

"நீங்கள்தான் போட்டனீங்கள். காலமை. எனக்கு முன்னாலை."

அவர் கைகள் இரண்டும் மடியில் விழுந்தன.

தர்மினி வோக்கியை எடுத்து நோர்வேஜிய மொழியில் எல்லாருக்கும் சொன்னாள், துவக்குகளை வெறுமையாக்கச் சொல்லி, வேட்டை நிற்கிறது என்று. ஒவ்வொருவராக ஓம் என்றார்கள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"என்ன தெரிஞ்சது, மாமா?"

"அவன்ரை முகம்."

"பிறகு?"

"நரைச்சிட்டுது அவனுக்கு. தேத்தண்ணியைத் தாயைப் போலவே கன்னத்திலை வைச்சுப் பாக்கிறான்."

"பிறகு?"

"தழும்பு. புருவத்திலை."

"பிறகு?"

வேறு என்ன என்பதுபோலச் சபாபதி விழித்தார். அவள் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோடு" என்றார்.

"எங்கை இருந்தது?"

"அவன்ரை நெத்தியிலை."

தூரத்தில் நாயை யாரோ கூப்பிட்டார்கள்.

"நான் கோட்டைப் பாக்கேல்லை, பிள்ளை" என்றார் சபாபதி. "சத்தியமா. முகத்தைத்தான் பாத்தனான். பைனாகுலராலை பாத்தா நான் பாக்கிறனெண்டு தெரிஞ்சிடும், எழும்பிப் போயிடுவான். இதுக்குப் பின்னாலை இருந்தா ஒருத்தருக்கும் தெரியாதெண்டு நினைச்சன்."

"அவனுக்குத் தெரியும்."

"என்ன?"

"வோக்கியிலை எனக்குத்தான் சொன்னவன். அப்பா துவக்காலை என்னைப் பாக்கிறார் எண்டு. உடனை பாறைக்குப் பின்னாலை போய்ப் படு எண்டு கத்தினனான்."

"படுக்கேல்லையே. அப்பிடியே இருந்தவனே."

"மாட்டன் எண்டவன்."

சபாபதி சதுப்பின் பக்கம் திரும்பினார்.

"தொப்பியைக் கழட்டினவன், பிள்ளை. வேர்க்குதெண்டு நினைச்சன்."

"இந்தக் குளிருக்கோ, மாமா?"

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. தர்மினி அவர் தோளைத் தொடவில்லை. துவக்கிலிருந்து பூட்டை முழுதாகக் கழற்றித் தன் பைக்குள் போட்டாள். பாசியில் கிடந்த தோட்டாவையும் பொறுக்கிப் போட்டாள்.

"உங்களுக்கு வேட்டை முடிஞ்சுது, மாமா. இந்த வருஷம் இல்லை, இனி இல்லை."

"தெரியும்."

"துவக்கு என்னோடை நிக்கட்டும்."

"நிக்கட்டும்." அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். பின்னால் காட்டுப்பாதை வாகனங்கள் நிற்கிற இடத்துக்குப் போகிறது. முன்னால் சதுப்பின் குறுக்கே, நனைந்து கறுத்த பலகைகள் போட்ட ஒற்றையடிப்பாதை ஒன்று போகிறது. அவர் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கிட்ட வர வேண்டாமெண்டு சொன்னவனெல்லோ, பிள்ளை."

"சொன்னவன்."

"அதுதான் தூரத்திலை இருந்தே நல்லாத் தெரியிறதா ஒண்டு வாங்கினன். அவனும் என்னைக் கண்டானெண்டா, போதும்தானே? கண்டவன்தானே அவன் என்னை?"

"துவக்கைக் கண்டவன்."

"நான் அதுக்குப் பின்னாலை—"

"பூட்டினதை வைச்சாலும், திருகினதை வைச்சாலும் அவ்வளவுதான், மாமா. உங்களுக்கு அவன்ரை முகம் தெரியும். அவனுக்கு உங்கடை முகம் தெரியாது."

சபாபதி சதுப்புக்கு அப்பால் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் பார்க்கையில் பாறை ஒரு சாம்பல் புள்ளி. அதன் பக்கத்தில் இன்னொரு புள்ளி. செம்மஞ்சளைக் காணவில்லை.

"போயிட்டானோ?" என்று கேட்டார்.

தர்மினி அவர் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி, ஒருமுறை அதற்குள்ளால் பார்த்துவிட்டு, அதையும் தன் பைக்குள் வைத்தாள்.

"இல்லை, மாமா. இருக்கிறான். இன்னும் தொப்பி போடேல்லை."